கொண்டை ஊசி

மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியவன்
ஒற்றை மூங்கில் ஏணியின் உச்சிக் கணுவிலிருந்து
தை கடைசியில் விழுந்தான்.
சடையன், முப்பத்துநான்கு, நாகலூர்.
கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது:
பத்தாம் மார்பு முள்ளெலும்பு.
தொப்புளுக்குக் கீழே உணர்வில்லை.

ஐந்து வாரம் கால்கள் ஒன்றும் சொல்லவில்லை.
என் ரப்பர் சுத்தியலுக்கு
அவன் முழங்காலும் தலையணையும் ஒன்றாகவே இருந்தன.
பங்குனி பிறந்த இரண்டாம் நாள்
சிரட்டைக்குக் கீழே தட்டினேன்.

கால்
எகிறியது.

செந்தாமரை கஞ்சித் தூக்கைத் தரையில் வைத்தாள்.
"இன்னொருக்கா."
தட்டினேன்.
"இன்னொருக்கா."
ஆறாம் கட்டில் லாரி கிளீனர் கைதட்டினான்.
யாரோ செவிலியரைக் கூப்பிட்டார்கள்.
சடையன் மட்டும் ஃபேனைப் பார்த்தபடி
"என்னாத்துக்கு எல்லாரும் சிரிக்கிறீங்க?" என்றான்.

"அது குணமில்லைம்மா" என்றேன். உடனே.

எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் மலைப்பாதையை வரைந்தேன்.
வார்டு ஜன்னலில் நிற்கிற அதே மலை,
அவள் வாந்தி எடுத்துப் பழகிய அதே இருபது வளைவு.
மேலே ஏரி. அதுதான் தலை.
அடிவாரம் கால்.
பதினோராம் வளைவில் மண் சரிந்துவிட்டது.
மேலேயிருந்து பஸ் இறங்காது, கீழேயிருந்து ஏறாது.
ஆனால் நாலாம் வளைவு இன்னும் அங்கேதான் இருக்கிறது.
கீழிருந்து வருகிற வண்டி
ஏரியை ஒரு வார்த்தை கேட்காமல்
அங்கேயே திரும்பி இறங்கிவிடும்.

நிறுத்தியிருக்கலாம். பென்சில் கையில் இருந்தது.
தொடைத் தசைக்குள் நூல் கதிர் மாதிரி ஒன்று,
சுத்தியல் பட்டு இழுபட்டால் அது கத்தும்.
கத்தல் பின்வேர் வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழையும்.
குறுக்கே வெட்டிப் பார்த்தால் அங்கே ஒரு சாம்பல் பட்டாம்பூச்சி.
பின்சிறகு வழியாக வந்தது
முன்சிறகில் உட்கார்ந்திருப்பவனிடம் கைமாறும்,
ஒரே ஒரு கைமாற்று.
அவன் முன்வேர் வழியாக 'உதை' என்பான்.
அதே நேரம் ஒரு தரகன் ஓடிப்போய்ப்
பின்தொடையிடம் சொல்வான், நீ சும்மா இரு.
எல்லாம் கண் இமைப்பதற்குள்.
மேலேயிருந்து 'மெல்ல, மெல்ல' என்று அதட்டும் குரல்
அறுந்துபோனதால்
உதை இனி முன்னைவிட பலமாக இருக்கும்.

பலம் என்றதும் அவள் முகம் மறுபடி விரிந்தது.
அந்தச் சொல்லை விட்டிருக்கலாம்.

கேன்டீனில் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்தேன்.
விரல் விலகிய பிறகுதான் சுட்டது.
பதினொரு வருடம், எத்தனையோ கட்டில்,
எத்தனையோ கஞ்சித் தூக்கு.
குணமில்லைம்மா என்று நான் சொன்னது
எந்த வளைவிலிருந்து?
சாயங்காலம் அஞ்சு ரோடு சிக்னலில் பஸ் நின்றபோது
ஜன்னல் கம்பியில் நெற்றி வைத்தேன்.
அப்போதுதான் வந்து சேர்ந்தது.

மறுநாள் அவள் எக்ஸ்ரே உறையை
நாலாய் மடித்து இடுப்பில் செருகியிருந்தாள்.
"மேலே ரோடு போச்சுன்னா
கீழூர்க்காரங்க கடை தொறக்காம இருப்பாங்களா?
தலைக்குத் தெரியாம காலு பேசுதே,
அது யாருகிட்டம்மா பேசுது?"

பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை.

உள்ளங்கையின் ஓரத்தால் அவளே தட்டினாள்.
கொத்தமல்லிக் கட்டிலிருந்து மண் உதிர்க்கிற மாதிரி, லேசாக.
போர்வை எழுந்து விழுந்தது.

"எகிறுச்சு" என்று அவன் காதருகே சொன்னாள்.
"எந்தக் காலு?"
"வலது."
அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டே யோசித்தான்.
"எவ்ளோ?"
"ஒரு சாண்."